வெளியிலிருந்து வந்த தாக்குதலும் உள்ளிருந்து எழுந்த வன்முறையும்: ஒப்பிடும்போது எதை அளக்கிறோம்?

ஒரு கட்சி அலுவலகத்தின் மீது கல் விழுந்தால் "இது தேசத்தின் மீதான தாக்குதல்" என்று அறிக்கை வருகிறது. எங்கேயாவது குண்டு வெடித்தால், செய்தவர் யார் என்று தெரிவதற்கு முன்பே "போர்" என்ற சொல் டிவி திரையில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதே சமயம் ஒரு ஊரில் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைத் தேடித் தேடிக் கொன்றால், அது "அசம்பாவிதம்" என்று சுருங்கிப்போகிறது. பிறகு யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்து "அதைவிட இதுதான் பெரிது" என்பார். இன்னொருவருக்குக் கோபம் வரும். இறந்தவர்களின் எண்ணிக்கையைப் போட்டு வாட்ஸ்ஆப் குழுவில் சண்டை நடக்கும்.

ஒப்பிடுவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பிட்டால்தான் பல விஷயங்கள் பிடிபடும். ஆனால் எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அந்நியர் தாக்கும்போது ஒரு நாடு இழப்பது ஒன்று. சொந்த மக்களில் ஒரு பகுதியினர் அரசியலுக்காக வன்முறையில் இறங்கும்போது இழப்பது வேறொன்று. அந்த வேறுபாட்டை அடியிலிருந்து பார்ப்போம். சட்டப் படிப்பு எதுவும் தேவையில்லை.

## அறுபது வீடுகள், ஒரு சுவர், ஒரு தேர்தல்

வேளச்சேரியில் அறுபது வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரி வெளியாட்கள் நான்கு பேர் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள். வாட்ச்மேனை அடித்துப் போட்டுவிட்டு இரண்டு வீடுகளில் திருடிக்கொண்டு ஓடுகிறார்கள். விடிந்ததும் எல்லாரும் கீழே இறங்கி நிற்பார்கள். கார் நிறுத்தும் தகராறில் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தவர்கள்கூட அன்றைக்குப் பேசிக்கொள்வார்கள். சுவரை உயர்த்தலாம், கேமரா வைக்கலாம், போலீசில் புகார் கொடுக்கலாம் என்று அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும்.

அதே குடியிருப்பில் சங்கச் செயலாளர் தேர்தல் நடக்கிறது. தோற்றவர் பத்துப் பேரோடு வந்து ஓட்டுச் சீட்டுகளைக் கிழிக்கிறார், சங்க அறையின் கதவை உடைக்கிறார், எண்ணிக்கொண்டிருந்த பெரியவரைத் தள்ளிவிடுகிறார். அடிபட்டவர்களைக் கணக்கெடுத்தால் திருடர்கள் வந்த அன்றைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஆனால் இப்போது என்ன செய்வது? சுவரை உயர்த்திப் பயனில்லை, அவரிடம் கேட் சாவி இருக்கிறது. நாளைக் காலை அவரோடுதான் லிஃப்டில் இறங்க வேண்டும். இருபது வீட்டுக்காரர்கள் "அவர் செய்தது தப்புதான், ஆனால் தேர்தலும் ஒழுங்காக நடக்கவில்லையே" என்பார்கள். வாட்ச்மேனுக்கு அவரும்தான் சம்பளம் தருகிறார், அவரைத் தடுக்க வாட்ச்மேன் யோசிப்பார். அடுத்த வருடம் ஓட்டு எண்ண யார் முன்வருவார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

முதல் சம்பவத்தில் ஆட்களுக்கும் பொருளுக்கும் சேதம். இரண்டாவதில் அதோடு இன்னொன்றும் உடைந்திருக்கிறது: அடித்துக்கொள்ளாமல் முடிவெடுப்பதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்த வழி.

சுருக்கமாக: வெளித்தாக்குதல் சுவரைச் சோதிக்கிறது. உள்வன்முறை, சுவருக்குள் இருப்பவர்கள் சேர்ந்து வாழச் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சோதிக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

## மூன்று சொற்கள்

அரசியல் வன்முறை என்பது ஆட்சியையோ கொள்கையையோ தேர்தலையோ, யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதையோ மாற்றவோ தடுக்கவோ பலாத்காரத்தைப் பயன்படுத்துவது. சொந்த விரோதக் கொலை இதில் வராது. கட்சிக்காரர் கொல்லப்பட்டார் என்பதாலேயே ஒரு கொலை அரசியல் வன்முறை ஆகிவிடாது. நோக்கம் அரசியலாக இருக்க வேண்டும்.

ஆயுதத் தாக்குதல் என்பது சர்வதேசச் சட்டத்தில் வரும் சொல். ஐ.நா. சாசனத்தின் 51-வது பிரிவு, ஆயுதத் தாக்குதலுக்கு ஆளான நாடு தன்னைத் தற்காத்துக்கொள்ளத் திருப்பி அடிக்கலாம் என்கிறது. ஒரு நாடு தன் ராணுவத்தை அனுப்பினால் மட்டும்தான் இது என்றில்லை. தன் சார்பாக ஆயுதக் குழுக்களை அனுப்புவதும் ஆக்கிரமிப்பில் சேரும் என்று 1974-ல் ஐ.நா. பொதுச்சபை வகுத்த வரையறை சொல்கிறது.

பயங்கரவாதம் என்ற சொல்லில்தான் அதிகக் குழப்பம். பலருக்கு அது "வெளியிலிருந்து வருவது" என்று மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் பயங்கரவாதம் என்பது ஒரு முறை: சிலரைக் கொன்று பலரை அச்சுறுத்தி, அந்த அச்சத்தின் மூலம் அரசையோ சமூகத்தையோ வளைக்கப் பார்ப்பது. அதை அந்நியரும் செய்யலாம், உள்ளூர்க்காரரும் செய்யலாம். 1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் அரசு அலுவலகக் கட்டடம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தார்கள். முதல் சில மணி நேரங்களுக்கு மத்தியக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் மீதுதான் பலருக்குச் சந்தேகம். பிடிபட்டவர் வளைகுடாப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகச் சண்டை போட்ட அமெரிக்கர்.

நம் ஊர் உதாரணம் 1998 பிப்ரவரி 14, கோயம்புத்தூர். தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்பு, 1997 நவம்பரில், ஒரு போக்குவரத்துக் காவலர் கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்திருந்தார்கள். ஒரே நகரத்தின் தெருக்களுக்குள்ளேயே மூண்டு வளர்ந்த பகை அது.

## எண்ணிக்கை என்ன சொல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது

சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கடலிலிருந்து சுட்டதை நினைவூட்டும் கல்வெட்டு. சுமார் 130 குண்டுகள் வந்து விழுந்தன. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. இறந்தவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். நூறு வருடம் தாண்டியும் அந்த இரவு பேசப்படுகிறது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வுக்காகச் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் அவை. எம்டன் கொன்றதைப் போலப் பல மடங்கு. இந்த இரண்டில் எது "நாட்டின் மீதான தாக்குதல்" என்று கேட்டால் பெரும்பாலானோர் தயங்காமல் எம்டனைச் சொல்வார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் உறுத்துகிறது.

இன்னும் பெரிய எண்களைப் பாருங்கள். 2008 நவம்பர் 26 அன்று கடல் வழியாக வந்த பத்துப் பேர் மும்பையில் 166 பேரைக் கொன்றார்கள். 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய பாதுகாவலர்களே சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே சொல்கிறது. மும்பையைப் போலப் பதினாறு மடங்கு.

ஆகவே "வெளித்தாக்குதல்தான் எப்போதும் அதிக உயிரைப் பறிக்கும்" என்பது உண்மையில்லை. அதே மாதிரி, எண்ணிக்கையைக் காட்டி "உள்வன்முறைதான் எப்போதும் மோசம்" என்று சொல்வதும் சரிவராது. போர்கள் லட்சக்கணக்கில் கொன்றிருக்கின்றன. எண்ணிக்கை அவசியம், அது இறந்தவர்களுக்கு நாம் காட்டும் முதல் மரியாதை. ஆனால் சம்பவத்துக்குப் பிறகு அந்தச் சமூகத்துக்கு என்ன ஆனது என்பதை அது சொல்லாது.

## ஒன்று சேர்க்கிறது, ஒன்று பிரிக்கிறது

வெளியிலிருந்து அடி விழும்போது உள்ளே இருக்கும் சண்டைகள் தற்காலிகமாக ஓய்ந்து எல்லாரும் அரசின் பின்னால் நிற்பதை, நெருக்கடிக்கால ஒற்றுமை என்று சொல்லலாம். தமிழ்நாட்டிலேயே அழுத்தமான உதாரணம் இருக்கிறது. 1962 அக்டோபரில் சீனாவோடு போர் மூண்டபோது, அதுவரை திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த திமுக அந்தக் கோரிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டுப் போர் முயற்சிக்கு ஆதரவு தந்தது. அடுத்த ஆண்டில் பிரிவினைக்கு எதிராக அரசமைப்பின் 16-வது திருத்தம் வந்தது, கட்சியும் அந்தக் கோரிக்கையை முறைப்படி கைவிட்டது. பல வருட மேடைப் பேச்சும் எதிர்ப்பேச்சும் செய்யாத மாற்றத்துக்கு எல்லையில் விழுந்த குண்டுகள் வழி திறந்தன.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் 2,977 பேர் இறந்தார்கள். மூன்றே நாளில், காரணமானவர்கள் மீது ராணுவத்தை ஏவ அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் செனட்டில் 98-0 என்றும் பிரதிநிதிகள் சபையில் 420-1 என்றும் நிறைவேறியது. அதிபர் புஷ்ஷுக்கு இருந்த ஆதரவு, காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 51 சதவீதத்திலிருந்து அந்த மாதமே 90 சதவீதத்துக்கு ஏறியது.

இப்போது அதே நாட்டில் 2021 ஜனவரி 6. முந்தைய நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலின் முடிவை நாடாளுமன்றம் முறைப்படி எண்ணி அறிவிக்க வேண்டிய நாள். தோற்ற டிரம்ப்பின் ஆதரவாளர்கள் கட்டடத்துக்குள் புகுந்தார்கள், எண்ணிக்கை நின்றுபோனது, சுமார் 140 போலீசார் காயமடைந்தார்கள். அன்றிரவே உறுப்பினர்கள் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தபோது, அவர்களில் 147 பேர் ஏதாவது ஒரு மாநிலத்தின் முடிவையாவது ஏற்கமாட்டோம் என்று வாக்களித்தார்கள். உடைந்த கண்ணாடியைக் கூட்டிப் பெருக்கும் நேரத்திலேயே கருத்து இரண்டாகப் பிளந்திருந்தது. "கலகம்" என்றார்கள் ஒரு சாரார், "எல்லை மீறிய போராட்டம்" என்றார்கள் இன்னொரு சாரார். அந்தப் பிளவு இன்றும் ஆறவில்லை.

சரியாக ஒரு வருடம் கழித்து, அப்போது துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ், அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய 1941 டிசம்பர் 7, அப்புறம் 2001 செப்டம்பர் 11, அதன் பின் 2021 ஜனவரி 6 என்று மூன்று தேதிகளையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசினார். அவருடைய தாத்தா பி.வி. கோபாலன் பெசன்ட் நகரில் வாழ்ந்தவர் என்பதால் ஹாரிஸின் பேச்சு நம் ஊரில் சற்று அதிகமாகவே காதில் விழும். முதல் இரண்டு தேதிகளிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், மூன்றாவதை எப்படி அதோடு சேர்க்கலாம் என்று பலர் கொதித்தார்கள்.

என் கருத்து இது. உயிரிழப்பை அளவுகோலாக எடுத்தால் கோபப்பட்டவர்கள் சொன்னது சரி. ஆனால் ஆட்சி மாறும் முறையே அன்று இலக்கானது என்பதை அளவுகோலாக எடுத்தால், ஹாரிஸ் காட்டியதும் நிஜமான ஆபத்து. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஜப்பானியர்கள் அமெரிக்க வாக்குச் சீட்டைத் தொடவில்லை. அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்கியதால், கேட்டவர்கள் பிணக்கணக்குக்குப் போய்விட்டார்கள்.

நெருக்கடிக்கால ஒற்றுமை முழுக்க நல்லது என்றும் நினைக்க வேண்டாம். 1962-ல் நாடே ஒன்றாக நின்றது என்று பெருமையாகச் சொல்கிறோம். அதே ஒற்றுமையின் இன்னொரு முகமாக, இந்தியாவில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைக்கப்பட்டார்கள். குழந்தைகளும் முதியவர்களும் உட்பட. வெளியே எதிரி வந்ததும் உள்ளே அவன் சாயல் யாருக்கு இருக்கிறது என்று தேடும் பழக்கம் எல்லா நாடுகளுக்கும் உண்டு.

இதுவரை பார்த்ததில் கைக்கொள்ள வேண்டியது: வெளித்தாக்குதலுக்குப் பிறகு "என்ன நடந்தது" என்பதில் பெரும்பாலும் சண்டை இருக்காது. உள்வன்முறைக்குப் பிறகு முதல் சண்டையே அதில்தான்.

## நீதி ஏன் தன் வீட்டு வாசலில் தடுக்கி விழுகிறது

மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாப் மீது சாதாரணக் குற்றவியல் முறைப்படி வழக்கு நடந்தது. வக்கீல் வைத்துக் கொடுத்தார்கள். 2010 மே மாதம் தீர்ப்பு, 2012 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, அதே ஆண்டு நவம்பர் 21 அன்று தண்டனை நிறைவேறியது. மொத்தம் நான்கு வருடம். அதே வழக்கில் உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர் இரண்டு பேர் போதிய ஆதாரமில்லை என்று விடுதலையானார்கள். நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நீதிமன்றம் இப்படிப் பிரித்துப் பார்த்தது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

1984 டெல்லிக் கொலைகளுக்கு வருவோம். காங்கிரஸின் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பரில். 34 வருடம். கீழ்வெண்மணியில் நில உடைமையாளர்களுக்குக் கீழ் நீதிமன்றம் கொடுத்த தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து அவர்களை விடுதலை செய்தது.

ஏன் இப்படி? காரணங்கள் மர்மமானவை இல்லை. கசாப்பின் வழக்கில் சாட்சி சொன்னவர் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் எதிர் வீட்டில் கசாப்பின் உறவினர் இருக்கமாட்டார். கசாப்புக்கு இந்தியாவில் ஓட்டு இல்லை, சாதி ஆதரவு இல்லை, கட்சி இல்லை, அவருக்காகப் போலீஸ் நிலையத்துக்குப் போன் போட யாரும் இல்லை. உள்ளூர் வன்முறையில் இவை எல்லாமே குற்றவாளியின் பக்கம் இருக்கலாம். 1984-ல் பல இடங்களில் போலீஸ் புகாரையே வாங்கவில்லை என்பது விசாரணைக் கமிஷன்கள் வரை பதிவாகியிருக்கிறது. சாட்சிக்குப் பக்கத்துத் தெருவில் கொன்றவன், ஸ்டேஷனில் அவனுக்குத் தெரிந்தவர், சட்டமன்றத்தில் அவன் தலைவர். இந்த மூன்றையும் தாண்டித்தான் ஒரு வழக்கு நகர வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே ஓட்டம்தான். ஜனவரி 6 சம்பவத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிவானது. 2025 ஜனவரி 20 அன்று மறுபடியும் அதிபராகப் பதவியேற்ற டிரம்ப், அன்றைக்கே அவர்களில் பெரும்பாலோருக்கு மன்னிப்பு வழங்கினார். அதைச் சரி என்பவர்களும் தப்பு என்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: வெளிநாட்டுத் தாக்குதல்காரர் தேர்தலில் ஜெயித்து வந்து தன் ஆட்களை விடுவிக்க முடியாது. உள்நாட்டு இயக்கத்துக்கு அந்த வழி எப்போதும் திறந்திருக்கிறது.

"அப்படியானால் எல்லாவற்றையும் போர் மாதிரி நடத்தினால் நீதி சீக்கிரம் கிடைக்குமே" என்று ஒரு வாதம் வரும். செப்டம்பர் 11 வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்படும் காலித் ஷேக் முகமது 2003-ல் பிடிபட்டார். குவாண்டனாமோ ராணுவ முகாமில் ராணுவ விசாரணை மன்றம் அமைத்தார்கள். இருபது வருடம் தாண்டியும் அந்த விசாரணை தீர்ப்பை எட்டவில்லை. ஓக்லஹோமா குண்டுவெடிப்புக் குற்றவாளிக்குச் சாதாரண நீதிமன்றத்திலேயே தீர்ப்பு வந்து, 2001 ஜூனில் தண்டனையும் முடிந்துவிட்டது.

## உள்ளேயும் வெளியேயும் கலந்திருந்தால்

இதுவரை இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்த்தோம். சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெட்டிகள் அவ்வளவு சுத்தமாகப் பிரியாது என்பது அனுபவத்தில் தெரியும்.

1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்துச் சுமார் 30 பேர் இறந்தார்கள். வைத்தது இலங்கைத் தமிழ் ஆயுதக் குழு ஒன்று. பெட்டிகள் கொழும்பு விமானத்தில் ஏறியிருக்க வேண்டியவை. இந்தியா இலக்கே இல்லை, இறந்தவர்களில் இந்தியர்களும் உண்டு. இதை எந்தப் பெட்டியில் போடுவது?

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். தேர்தல் பிரசாரக் கூட்டத்தில் ராஜீவ் காந்தியும் அவரைச் சுற்றி நின்ற போலீசார், தொண்டர்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோரும் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார்கள். திட்டமிட்டது விடுதலைப் புலிகள், வெளிநாட்டு இயக்கம். நடந்தது இந்தியத் தேர்தலின் நடுவில். குற்றம் சாட்டப்பட்டவர்களில் இலங்கைத் தமிழர்களும் இருந்தார்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். கோபம் வந்தவர்கள் அவரவர் விருப்பப்படி "அந்நியத் தாக்குதல்" என்றும் "உள்ளூர்த் துரோகம்" என்றும் பேசினார்கள். அகதி முகாம்களில் இருந்த ஏதுமறியாத மக்கள் மீதும் சந்தேகம் விழுந்தது.

வழக்கு தடா சட்டத்தின் கீழ் நடந்தது. தடா என்பது பயங்கரவாதத்தைத் தடுக்க 1980-களில் கொண்டுவரப்பட்ட சிறப்புச் சட்டம். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் செய்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். இந்தக் கொலை தடா சொல்லும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்றது. அரசை மிரட்டவோ மக்களிடையே பீதியைப் பரப்பவோ நோக்கம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை, ஒரு குறிப்பிட்ட மனிதரைக் கொல்வதுதான் சதியின் நோக்கம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கொலை, சதி ஆகிய சாதாரணக் குற்றங்களுக்காக ஏழு பேரை மட்டும் குற்றவாளிகள் என்று உறுதி செய்தது. அவர்களில் நான்கு பேருக்கு மரண தண்டனை நிலைத்தது, மூன்று பேருக்கு அது ஆயுளாகக் குறைந்தது.

அந்தத் தீர்ப்போடு ஒத்துப்போவதும் போகாததும் அவரவர் விருப்பம். ஆனால் அது நடந்துகொண்ட விதம் கவனிக்கத் தக்கது. நாட்டின் முன்னாள் பிரதமர் இறந்திருக்கிறார், செய்தது வெளி இயக்கம். அப்படியிருந்தும், யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள், இந்த நபரின் பங்கு என்ன என்று தனித்தனியாகக் கேட்டுப் பதில் தேடினார்கள். கலப்பான சம்பவங்களில் பெயர் சூட்டுவதைக் கடைசிக்குத் தள்ளி, இந்த மூன்று கேள்விகளை முதலில் கேட்பது ஒன்றே வழி என்று நான் நினைக்கிறேன்.

## போருக்கு வைத்த சட்டம் ஊருக்குள் வந்தபோது

நம் அரசமைப்புச் சட்டமே இந்த ஒப்பீட்டைச் செய்திருக்கிறது. வெளி ஆக்கிரமிப்பிலிருந்தும் உள்நாட்டுக் குழப்பத்திலிருந்தும் மாநிலங்களைக் காப்பது மத்திய அரசின் கடமை என்று 355-வது பிரிவு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறது. ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நாட்டுப் பாதுகாப்பு மத்தியப் பட்டியலில், பொது ஒழுங்கும் போலீசும் மாநிலப் பட்டியலில். எதிரியைச் சமாளிக்க ராணுவம், குடிமகனைச் சமாளிக்கப் போலீஸ். ராணுவம் எதிரியைத் தோற்கடிக்கப் பயிற்சி பெற்றது. போலீஸ் ஒருவரைப் பிடித்து உயிரோடு நீதிபதி முன் நிறுத்தக் கடமைப்பட்டது.

இந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு நேரில் பார்த்திருக்கிறது. சீனப் போருக்காக 1962 அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நெருக்கடி நிலை என்பது ஆபத்துக் காலத்தில் மத்திய அரசு கூடுதல் அதிகாரம் எடுத்துக்கொள்ள 352-வது பிரிவு தரும் வழி. சண்டை ஒரு மாதத்தில் ஓய்ந்தது. நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. நடுவில் 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், சில இடங்களில் வன்முறை வெடித்தது, போலீசாரும் கொல்லப்பட்டார்கள், துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் இறந்தார்கள். அப்போது கருணாநிதி கைதாகிப் பாளையங்கோட்டைச் சிறைக்குப் போனது எந்தச் சட்டத்தில் தெரியுமா? சீனப் போருக்காகக் கொண்டுவந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில். மூன்று வருடம் முன்பு அதே போருக்காகத் தன் பெரிய கோரிக்கையை ஒதுக்கி வைத்த கட்சியின் தலைவர்களில் ஒருவர் அவர்.

பத்து வருடம் கழித்து, 1975 ஜூன் 25 அன்று, "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணத்தில் நெருக்கடி நிலை வந்தது. 1971 வங்கதேசப் போருக்காக அறிவித்த நெருக்கடி நிலையும் அப்போது விலக்கப்படாமல் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் அடைபட்ட திமுகவினர் அடி வாங்கினார்கள், முன்னாள் மேயர் சிட்டிபாபு அதன் விளைவாக உயிரிழந்தார். அரசியல் எதிரியை நாட்டின் எதிரியாக ஒரு அறிவிப்பில் மாற்றிவிட முடிந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு 1978-ல் 44-வது திருத்தம் வந்தது. "உள்நாட்டுக் குழப்பம்" என்பதை எடுத்துவிட்டு "ஆயுதக் கிளர்ச்சி" என்று வைத்தார்கள். அதாவது ஊர்வலம், வேலைநிறுத்தம், கலவரம் ஆகியவற்றைக் காட்டி இனி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது. அமைச்சரவை எழுத்தில் தந்தால்தான் அறிவிக்கலாம். உயிர் வாழும் உரிமையை எந்த நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது. 358-வது பிரிவில் செய்த மாற்றம்தான் நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. போர் அல்லது வெளி ஆக்கிரமிப்பு காரணமாக நெருக்கடி நிலை வந்தால், பேச்சுரிமையும் கூடும் உரிமையும் அடங்கிய 19-வது பிரிவின் பாதுகாப்பு தானாக விலகும். ஆயுதக் கிளர்ச்சி காரணமாக வந்தால் அப்படித் தானாக விலகாது. எதிரி வெளியே இருக்கும்போது கொஞ்ச காலம் வாயைக் கட்டிக்கொள்ளலாம். தகராறு நமக்குள் என்றால் பேசும் வழியை அடைக்கக் கூடாது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

1977 மார்ச்சில் இரண்டு நெருக்கடி நிலைகளும் விலக்கப்பட்டன. அதற்குப் பிறகு பஞ்சாப் எரிந்தது, காஷ்மீர் எரிந்தது, ஒரு பிரதமரும் ஒரு முன்னாள் பிரதமரும் கொல்லப்பட்ட நாடாக இது ஆனது, 1999-ல் கார்கில் போர் நடந்தது, 2001-ல் நாடாளுமன்றம் தாக்கப்பட்டது, 2008-ல் மும்பை. இதில் எதற்காகவும் 352-வது பிரிவின்படி நெருக்கடி நிலை அறிவிக்கப்படவில்லை.